எர்மெக் பைகேயின் தொப்பியும் ஒரு மயிலைக் குதிரையும்

புருல் எஜேயின் குதிரை மயிலை நிறம், புகைச் சாம்பல். இதை உலகத்தில் மறுத்த ஒரே ஆள் நான்தான். அதுவும் வாயால் மறுக்கவில்லை. அச்சடித்து, அளவாக வெட்டி, பசை தடவி, முத்திரை குத்தும் மேசைக்கே அனுப்பி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, காலை பத்து மணி. சுதந்திர தினக் குதிரைப் பந்தயம் மதியம் ஒரு மணிக்கு. புல்வெளியின் ஓரத்தில் மேசை போட்டு, நடுவர் குழுத் தலைவர் எர்மெக் பைகே அடையாளப் புத்தகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். (எங்கள் பக்கத்தில் மூத்தவர்களை வெறும் பெயரால் அழைக்க மாட்டோம்; ஆண் என்றால் பைகே, பெண் என்றால் எஜே.) போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் பதிவு செய்த குதிரையை வீட்டில் கட்டிவிட்டு, அதே சாயலில் இன்னொன்றைக் கொண்டுவந்து ஓடவிட்டு ஜெயித்துவிட்டார். அதனால் இந்த வருடம் ஒவ்வொரு குதிரைக்கும் வண்ணப் படம் ஒட்டிய புத்தகம் வேண்டும் என்றார்கள். படம் எடுக்க ஆள் தேடினார்கள். நான் உள்ளூர்க்காரன், நாரின் நகரில் கல்லூரியில் படிக்கிறேன், கேமரா வைத்திருக்கிறேன். வேறு யாரும் கிடைக்கவில்லை என்பது என் முக்கியமான தகுதி.

எர்மெக் பைகே புத்தகத்தைத் திறந்தார். குதிரையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். திரும்பவும் குதிரையைப் பார்த்தார். குதிரை மட்டும் ஒரே தடவை அவரைப் பார்த்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது.

"புருல், இது யார் குதிரை?"

"என் குதிரை."

"புத்தகத்துல இருக்கிறது?"

"அதுவும் என் குதிரைதான்."

"அப்போ உன்கிட்ட ரெண்டு குதிரை இருக்கு."

"ரெண்டு இருந்தா ஒண்ணை வித்து வீட்டுக்குக் கூரை போட்டிருக்க மாட்டேனா பைகே?"

வரிசையில் அடுத்து நின்றவர் தோரொன்பெக் பைகே. இருபது வருடமாகப் பந்தயக் குதிரை பழக்குகிறவர். அவருடைய செவலைதான் இந்த வருடம் ஜெயிக்கும் என்று பாதி ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. மீதிப் பாதிக்கும் அவரே சொல்லியிருந்தார். அவர் எட்டிப் பார்த்தார்.

"படத்துல இருக்கிறது வைக்கோல் நிறம். இங்க நிக்கிறது மயிலை. நான் கண்ணாடிகூடப் போடல. என் ஆட்சேபணையை எழுதிக்கோ எர்மெக்."

புத்தகத்தில் இப்படி இருந்தது. பெயர்: கோக். அதாவது மயிலை. நிறம்: வைக்கோல். குமாஸ்தா என் படத்தைப் பார்த்து நிறத்தை எழுதியிருக்கிறார், புருல் எஜே சொன்னதைக் கேட்டுப் பெயரை எழுதியிருக்கிறார், இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை அவருடையது இல்லை போலிருக்கிறது.

"நேத்து புத்தகம் கைக்கு வந்தப்பவே பார்க்கலையா நீ?" என்றார் எர்மெக் பைகே.

"பார்த்தேன். என் கல்யாணப் படத்துல நான் ஊதாவா இருக்கேன். படம்னா அப்படித்தான்னு விட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். எர்மெக் பைகே சிரிக்கவில்லை. குதிரை மாற்றினால் மூன்று வருடம் தடை. அதைவிட, ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லுவார்கள். எங்கள் பக்கத்தில் கடன் வாங்கி ஏமாற்றினவனுக்குக்கூட நான்கு வருடத்தில் மறுபடி தேநீர் கிடைக்கும். குதிரை மாற்றினவனுக்குக் கிடைக்காது.

புருல் எஜேயின் கணவர் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் நான்கு வருடம். குதிரையைக் கசாப்புக்குக் கொடு என்று சொல்லாத ஆளில்லை. அவர் கொடுக்கவில்லை. விடியற்காலையில் ஓட்டி, கம்பளம் போர்த்தி வேர்க்கவைத்து, தீனியைக் கைப்பிடியால் அளந்து, ஆண்கள் செய்கிற எல்லாவற்றையும் ஆண்கள் பேசுகிற அளவுக்குப் பேசாமல் செய்துமுடித்து, எங்கள் மாவட்டத்தில் தானே பழக்கிய குதிரையைக் கொண்டுவந்த முதல் பெண்ணாக அன்றைக்கு அந்த மேசை முன்னால் நின்றார். அவரைத்தான் நான் ஒரு விசைத்தட்டலில் திருடியாக்கியிருந்தேன்.

நான் பன்னிரண்டடி தள்ளி, கழுத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். என் வலது பக்கம் ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த லாரியை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று இன்றும் சொல்ல முடியும்: அதன் எண்பலகை, சக்கரத்தில் இருந்த சேறு, கதவில் எழுதியிருந்த காதலியின் பெயர் எல்லாம் நினைவிருக்கிறது.

பிறகு என் கால் மேசைப் பக்கம் நடந்தது. நான் நடந்ததாகச் சொன்னால் பெருமையடிப்பது போலாகும்.

"பைகே, குதிரை சரி. படம்தான் தப்பு."

"படம் பொய் சொல்லாது உலார்."

"நான் எடுத்தா சொல்லும்."

எர்மெக் பைகே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்பட மாட்டார். காகிதம் கேட்பார், அது மோசம். "நிரூபி. பன்னிரண்டரை வரைக்கும் நேரம்."

"இப்பவே புதுசா ஒரு படம் எடுத்துடறேனே?"

"இன்னைக்கு எடுத்தா இன்னைக்கு நிக்கிற குதிரைதான் வரும். மூணு வாரத்துக்கு முன்னாடி நின்னது எதுன்னு எனக்கு அது சொல்லுமா?"

சொல்லாது. காகித மனிதர்கள் சில சமயம் சரியாகப் பேசிவிடுகிறார்கள்.

நான் பெர்மெத்துக்குப் போன் போட்டேன். பெர்மெத் என் வகுப்பில் படிப்பவள். படத்தைத் திருத்தும் மென்பொருளை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதற்காக இன்றுவரை வருத்தப்படுபவள். குதிரைகளைப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது, கேமராவை என் கையிலிருந்து பிடுங்கி, ரா எனும் மூலக் கோப்பாகப் பதியும்படி அவளே திருகி வைத்தாள். "ஜேபெக்னா சுட்ட ரொட்டி. ரான்னா மாவு. நீ கருக்குவன்னு எனக்குத் தெரியும். கருகின ரொட்டியைத் திரும்ப மாவாக்க முடியாது. மாவு கையில இருந்தா இன்னொண்ணு சுட்டுக்கலாம்," என்றாள். அன்று அது அவமானமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

"எதைத் தொட்டு வெள்ளைன்னு சொன்ன?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மென்பொருளில் மருந்துச் சொட்டுக்குழாய் போல ஒரு சின்னம் உண்டு. அதைக் கொண்டுபோய் படத்தில் சாயமே இல்லாத ஒரு வெள்ளையையோ சாம்பலையோ தொட்டால், 'ஓ, இதுதான் இங்கே நிறமில்லாதது' என்று அது நம்பி, மற்ற எல்லா நிறத்தையும் அதற்கேற்ப நகர்த்திவிடும். அது மிகவும் நம்பிக்கையான மென்பொருள். எதைத் தொட்டாலும் நம்பும். இதற்காகவே பெர்மெத் ஒரு சாம்பல் அட்டை கொடுத்தனுப்பியிருந்தாள். வழியில் பசித்தது. ரொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான்; அட்டையின் மேல் வைத்தேன். வெண்ணெய் ஊறிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அட்டை எந்த நிறம் என்று அட்டைக்கே தெரியாது.

ஆகவே புல்வெளியில் நின்று யோசித்தேன். எங்கள் நாட்டில் வெள்ளை என்றால் என்ன? கல்பாக். ஆண்பிள்ளையின் தலையில் இருக்கும் வெள்ளைக் கம்பளித் தொப்பி. மலை உச்சிப் பனி, மானம், மூதாதையர் எல்லாம் அதில்தான் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதைத் தரையில் வைக்க முடியாது, அடுத்தவன் கையில் கொடுக்க முடியாது. அதனால் தொப்பிக்காரரையே முதல் குதிரையின் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். அறையில் உட்கார்ந்து தொப்பியைத் தொட்டேன். அந்தத் திருத்தத்தை மற்ற நாற்பது படங்களுக்கும் ஒரே விசையில் பரப்பினேன். தொழில்நுட்பமும் தேசபக்தியும் ஒன்று சேர்ந்த தருணம் அது என்று நினைத்தேன்.

"கல்பாக்கை," என்றேன்.

போனில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"யாரோட கல்பாக்?"

"நடுவர் தலைவரோடது."

"உலார், உனக்குக் கல்லூரியில இடம் குடுத்த அந்த மனுஷன் இப்ப எங்க இருக்கார்? நான் அவரைப் பார்க்கணும்."

"அப்புறம் பார்க்கலாம். இப்ப என்ன பண்றது?"

"அந்தத் தொப்பியில கண்ணுக்குத் தெரியாம நீலம் இருக்கு. நீலத்தைப் போய் நீ வெள்ளைன்னு சொல்லிட்ட. அது எல்லாப் படத்துலேர்ந்தும் நீலத்தை உறிஞ்சிடுச்சு. நீலம் போனா மிச்சம் மஞ்சள். திரையில பார்த்தப்ப தெரியலையா?"

தெரியவில்லை. ஏன் என்பதையும் அவளே சொன்னாள். என் லேப்டாப் மூன்றாவது கைக்கு வந்தது. அதன் திரையே கொஞ்சம் நீலம் பாய்ந்தது. படத்தில் மஞ்சள், திரையில் நீலம். இரண்டு பொய்யும் கைகோத்துக்கொண்டு என் கண்ணுக்கு உண்மையாகத் தெரிந்தன.

"அப்போ மத்த நாற்பது பேரும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"செவலை மேல மஞ்சள் ஏறினா இன்னும் நல்ல செவலை. காரி மேல ஏறினா கண்ணுக்குத் தெரியாது. சாயமே இல்லாத மயிலை மேல ஏறினாத்தான் அப்பட்டமாத் தெரியும். உங்க ஊர்ல ஒரே ஒரு மயிலைதான் ஓடுதா?"

"ஒண்ணுதான்."

"மூலக் கோப்பை அழிச்சிட்டியா?"

நான் எதையும் அழிப்பதில்லை. கொள்கை அல்ல, சோம்பல். வாழ்க்கையில் முதல்முறையாக என் சோம்பலுக்கு நன்றி சொன்னேன். லேப்டாப் பையிலேயே இருந்தது.

மேசையில் வைத்துத் திறந்தேன். வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அது எதற்கும் சாட்சியாகாது. கூடாரத்துக்குள் போகலாம் என்றார் எர்மெக் பைகே. உள்ளே சுற்றிலும் சிவப்புத் தொங்கல்கள், சிவப்புக் கம்பளம். திரையில் குதிரை ரோஜாப் பூப் போல நின்றது. புருல் எஜே பார்த்துவிட்டு, "இது மூணாவது குதிரையா?" என்றார். கடைசியில் கால்நடை மருத்துவரின் பழைய வேன் கிடைத்தது. உள்ளே எல்லாம் மங்கிய சாம்பல் தகரம். எர்மெக் பைகே, புருல் எஜே, ஆட்சேபணை சொன்ன தோரொன்பெக் பைகே, நான், போனில் பெர்மெத். கதவைச் சாத்தினோம். மருந்து வாசம் அடித்தது. வெளியே ஜன்னலில் முகங்கள் அப்பிக்கொண்டன. அது நல்லதுதான், வெளிச்சம் மறைந்தது.

"முதல்ல அமைப்புல போய் திரையோட நீலத்தைக் குறை. அப்பவும் திரையை நம்பாதே," என்றாள் பெர்மெத் போனிலிருந்து. "அம்புக்குறியை எது மேல வச்சாலும் கீழ மூணு எண் வரும். சிவப்பு, பச்சை, நீலம். மூணும் சமமா இருந்தா சாயம் இல்லைன்னு அர்த்தம். உன் திரை பொய் சொல்லும், உன் கண்ணு அதுக்கு ஆமாம் போடும். எண் அப்படி இல்ல."

"யார் இந்தப் பொண்ணு?" என்றார் தோரொன்பெக் பைகே.

"என் வகுப்புல படிக்கிறா பைகே."

"கல்யாணம் பண்ணிக்கோ. உனக்கு ஒரு ஆள் வேணும்."

"எனக்குக் கேக்குது," என்றாள் பெர்மெத்.

முதல் படம். எர்மெக் பைகே தொப்பியோடு கம்பீரமாக நின்றார். தொப்பி மேல் அம்புக்குறியை வைத்தேன். மூன்று எண்களும் கச்சிதமாகச் சமம். இருக்காதா பின்னே, உலகத்தையே அந்தத் தொப்பிக்குத் தோதாக வளைத்திருக்கிறேனே.

"என் தொப்பிக்கு என்ன?" என்றார் எர்மெக் பைகே.

"பைகே, தப்பா எடுத்துக்கக் கூடாது. அதை எப்படித் துவைக்கிறீங்க?"

அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகத் தலைநகர் போய் இரண்டு மாதம். ஊருக்கே தெரியும்.

"தண்ணியில," என்றார்.

"பைகே," என்றார் புருல் எஜே, "உங்க வீட்டுக் கொடியில அது தொங்கினா எது தொப்பி, எது வானம்னு தெரியறதில்ல. நீலம் போட்டீங்களா இல்லையா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"ரெண்டு மூடி."

"ரெண்டு மூடியா! என் மாமியார் வீட்டுத் திரைச்சீலை அத்தனைக்கும் சேர்த்தே அரை மூடிதான்!"

ஜன்னலில் இருந்த முகங்கள் இந்தச் செய்தியைப் பின்னால் கடத்தின. சிரிப்பு அலையலையாக வரிசையின் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது.

சரி, தொப்பி வேண்டாம். நேர்மையான வேறொரு வெள்ளை வேண்டும். படம் எடுத்த அன்று முழுக்க வானம் மூடியிருந்தது. நாற்பத்தொரு குதிரைக்கும் ஒரே வெளிச்சம். ஆகவே எந்தப் படத்தில் கிடைத்தாலும் எல்லாவற்றுக்கும் உதவும். தேடினோம். பின்னால் மலையில் பனி தெரிந்தது. "தூரத்துப் பனி வானத்தோட நிறத்தை வாங்கிக்கும், வேண்டாம்," என்றாள் பெர்மெத். புருல் எஜேயின் வெள்ளைத் தலைத்துணி. "கடையில வாங்கின புதுத் துணியிலயும் பளிச்சுனு தெரியறதுக்கு ஏதோ கலந்திருப்பாங்க, வேண்டாம்." ஒரு ஓரத்தில் ஆடு. "ஆட்டை மழைக்கு அப்புறம் பார்த்தாத்தான் நம்பலாம்," என்றார் தோரொன்பெக் பைகே, யாரும் கேட்காமலேயே. நடுவர் ஒருவரின் தாடி. அதில் மூக்குப்பொடி.

ஒரு நாடு முழுக்க வெள்ளையைப் பற்றிப் பாட்டுப் பாடுகிறோம். தேவை என்று வந்தால் ஒரு விரல்கடை சுத்த வெள்ளை கிடைக்கவில்லை.

பதினேழாவது படத்தில் நிறுத்தினேன். தோரொன்பெக் பைகேயின் செவலை. நெற்றியில் உள்ளங்கை அகலத்தில் வெள்ளைச் சுட்டி, கண்ணிலிருந்து மூக்கு வரை.

"இதுல ஒரு சுட்டி இருக்கு," என்றேன் போனில்.

"நல்லது. ஆனா அதைச் சோப்புப் போட்டுக் கழுவினாங்களா, சுண்ணாம்பு கிண்ணாம்பு பூசினாங்களான்னு கேளு. படம் எடுக்கிறாங்கன்னா பூசுவாங்க."

எல்லோரும் தோரொன்பெக் பைகேயைப் பார்த்தோம். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆட்சேபணை சொன்னவரே அவர்தான். கோக் ஓடாவிட்டால் அவருக்கு ஒரு போட்டி குறைவு. 'சோப்புப் போட்டேன்' என்று ஒரு வார்த்தை போதும். சரிபார்க்க யாராலும் முடியாது. அது பெரிய பொய்யும் இல்லை. புருல் எஜே அவரைப் பார்க்கவில்லை. தகரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோரொன்பெக் பைகே மீசையைத் தடவினார். "மத்தவனெல்லாம் பூசினான். நானும் சுண்ணாம்பு எடுத்துக்கிட்டுப் போனேன்."

திரையில் இருந்த செவலையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"பக்கத்துல போனதும் அது என்னைப் பார்த்த பார்வையில வெக்கமாப் போச்சு. பூசல. கழுவவும் இல்ல. மழை கழுவினதோட சரி. அது பால் வெள்ளை. அவங்க அம்மாவுக்கும் அதே சுட்டிதான்." பிறகு என்னிடம், "தொடு," என்றார், என்னவோ குதிரையையே தொடச் சொல்வது போல.

தொட்டேன். செவலை கொஞ்சம் அடங்கியது. அதன் மேலிருந்த தேன் பூச்சு இறங்கியது. சுட்டியில் மூன்று எண்களும் சமமாக வந்து நின்றன. தோரொன்பெக் பைகே திரைக்குள் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"இப்பத்தான்டா இது என் குதிரை. என் புத்தகத்துல யார் குதிரையோ ஒட்டியிருந்தது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பைகே."

"என்னோடதை விட அழகா இருந்தது. அதான் சொல்லல."

அந்தத் திருத்தத்தை நகலெடுத்து இருபத்தொன்பதாவது படத்துக்குக் கொண்டுபோனேன். கோக். வைக்கோல் வடிந்து, தோளில் புகை போல மயிலை வந்தது. தொடையில் இருந்த வட்ட வட்டப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. புருல் எஜே, "வந்துட்டா," என்றார் மெதுவாக.

எர்மெக் பைகே மட்டும் நகரவில்லை. "உலார், வைக்கோலையும் நீதான் போட்ட. மயிலையையும் இப்ப நீதான் போட்ட. நாளைக்குப் பச்சையும் போடுவ. நான் எதை நம்பறது?"

ஜன்னலில் ஒட்டியிருந்த முகங்களைப் பார்த்தேன். எல்லாம் குதிரைக்காரர்களின் முகங்கள். தன் பிள்ளையின் கண் நிறத்தைக் கேட்டால் யோசிப்பார்கள். குதிரையின் நிறத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்கள், இரவில் எப்படி, வேர்த்தால் எப்படி என்று மூன்று விதமாகச் சொல்லுவார்கள்.

"பைகே, இந்தத் திருத்தத்தை நான் இனிமே தொட மாட்டேன். இதையே எல்லாப் படத்துக்கும் போடறேன். ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிடுங்க. 'இது உன் குதிரை நிறமா'ன்னு மட்டும் கேளுங்க. நாற்பது பேருக்கும் சரியா இருந்து, நாற்பத்தொண்ணாவதுக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?"

போனில் பெர்மெத் சிரிப்பது கேட்டது. "இங்க ஆய்வகத்துல இருபத்துநாலு கட்டம் போட்ட அட்டையை வச்சுக்கிட்டு நிறத்தைச் சரிபார்க்கிறோம். உங்ககிட்ட நாற்பது குதிரை இருக்கு. நடத்துங்க."

எர்மெக் பைகே பேனாவைத் திறந்தார். பெயர்ப் பட்டியல் என்றால் அவருக்கு உயிர்.

ஒருவர் பின் ஒருவராக வேனுக்குள் ஏறினார்கள். நான் மவுஸிலிருந்து கையை எடுத்து இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். படங்களைப் புருல் எஜே மாற்றினார். முதல் ஆள் பார்த்து, தலையாட்டி, இறங்கினார். இரண்டாவது ஆள், "என்னோடது இன்னும் கொஞ்சம் கருப்பு," என்றார். வெளியே இருந்து அவர் தம்பியே கத்தினார்: "வெயில்ல வெளுத்துப் போச்சுண்ணே, நீதானே புலம்பின!" அவர் ஒப்புக்கொண்டு இறங்கினார். இரண்டு பேர் ஒரே குதிரையைக் கபிலை என்றும் செம்பழுப்பு என்றும் சண்டை போட்டார்கள். படத்தில் இருப்பதும் வெளியே நிற்பதும் ஒன்றுதானா என்று கேட்டதற்கு, அதில் சந்தேகமே இல்லை, பெயரில்தான் சண்டை என்றார்கள். முப்பத்தெட்டாவது ஆளிடம் மட்டும் சிக்கல். அவருடையது வெள்ளைக் குதிரை; மேசை முன்னால் இன்னும் வந்திருக்கவில்லை. என் பழைய படத்தில் அது தங்க நிறமாக வந்திருந்தது. அதை நம்பி அவர் வெளியூர்க்காரர் ஒருவரிடம் அதன் குட்டிக்கு நல்ல விலை பேசிக்கொண்டிருந்தார்.

"பழைய படமே நல்லா இருந்தது," என்றார்.

"அது கேள்வி இல்ல," என்றார் எர்மெக் பைகே. "இது உன் குதிரையா?"

அவர் திரையைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வெளியே நின்ற குதிரையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "என்னோடதுதான். பாழாப் போன உண்மை."

நாற்பது பேர். நாற்பது ஆமாம். பன்னிரண்டு இருபத்தைந்து. தோரொன்பெக் பைகே ஆட்சேபணையை வாபஸ் வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டார். எர்மெக் பைகே குறிப்பேட்டில் காரணம் எழுதத் தொடங்கி, பாதியில் நிமிர்ந்தார்.

"தொப்பின்னு எழுதித்தான் ஆகணுமா?"

"எழுதணும்," என்றார் புருல் எஜே. "எத்தனை மூடிங்கிறதையும்."

எழுதினார். அவர் நேர்மையானவர். பிறகு 'வைக்கோல்' என்பதை அடித்து, மேலே 'மயிலை' என்று எழுதி, பக்கத்தில் முத்திரை குத்தினார். அந்த முத்திரைச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதுவரை கேட்டதில்லை.

இறங்கும்போது புருல் எஜே என் தோளைப் பிடித்து நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

"நீ அந்த லாரியைப் பார்த்துக்கிட்டே இருந்த," என்றார். "நான் பார்த்தேன்."

"ஆமாம் எஜே."

"போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமாம் எஜே."

"ம்," என்றார். சேணத்தை இறுக்கப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு முப்பத்தொன்பது குதிரைகள் புறப்பட்டன. இரண்டு ஓட மறுத்தன. கோக்கின் மேல் புருல் எஜேயின் மகள். இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு சுற்றிலும் முன்னால் ஓடும் குதிரைகளின் நிறத்தையும் உரிமையாளர் பெயரையும் சொல்லுவார்கள். மூன்றாவது சுற்றில், "மயிலை, புருல்!" என்று வந்தபோது புருல் எஜே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் இதே ஒலிபெருக்கி அவர் பெயரை வேறு விதமாகச் சொல்லவிருந்தது.

பரிசு நான்கு இடங்களுக்கு. கோக் நான்காவதாக வந்தது. ஐந்தாவது, இரண்டு கழுத்து நீளம் பின்னால், பால் வெள்ளைச் சுட்டி வைத்த ஒரு செவலை.

நான்காவது பரிசு ஒரு ஆடு. சாயங்காலமே அறுத்து, புருல் எஜேயின் முற்றத்தில் கொப்பரை ஏறியது. கூப்பிடாதவர்களும் வந்தார்கள், கூப்பிட்டவர்களில் எர்மெக் பைகே வெறுந்தலையோடு வந்தார். எங்களில் இளையவன்தான் கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குவளையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தேன். தோரொன்பெக் பைகே கையை நீட்டினார். அவருக்கு மட்டும் வெந்நீர் கலந்து கொண்டுவந்திருந்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"எனக்கு ஒரு ஆடு நஷ்டம்டா உன்னால," என்றார்.

"தெரியும் பைகே. நன்றி பைகே."

"எதுக்கு நன்றி?"

"சுண்ணாம்பு பூசாததுக்கு."

"அதைக் குதிரைகிட்டச் சொல்லு," என்று சொல்லி, என் துண்டிலேயே நிதானமாகக் கை துடைத்தார். "நல்லா ஓடினா அந்த மயிலை. கடைசி மேட்டுல என்னோடதை விட நல்லா மூச்சை வச்சிருந்தா. புருல் எப்படிப் பழக்கினாள்னு கேக்கணும்." பிறகு நிஜமாகவே எழுந்து கேட்கப் போனார். இருபது வருடத்தில் அவர் யாரிடமாவது எதையாவது கேட்டு யாரும் பார்த்ததில்லை. புருல் எஜே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தீனி அளவிலிருந்து தொடங்கிச் சொன்னார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

இறைச்சியைப் பங்கு வைக்கும்போது எந்த எலும்பு யாருக்கு என்பது வயதையும் மரியாதையையும் பொறுத்தது. என்னைப் போன்றவனுக்கு விலாவில் ஒரு துண்டு கிடைத்தால் அது நல்ல நாள். போனை ஓரமாக வைத்து, பெர்மெத்துக்கு முற்றத்தின் சத்தத்தையாவது கேட்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜேபெக்கை எந்த நிறத் தொகுப்பில் ஏற்றுமதி செய்தாய் என்று அவள் அடுத்த குற்றத்தை விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். அப்போது ஒரு கை என் முன்னால் தட்டை நீட்டியது. தட்டில் தொடை எலும்பு. அது பெரியவர்களுக்கு உரியது.

"எஜே, இது என்னோடது இல்ல."

"யாருக்கு எதுன்னு எனக்குத் தெரியும்," என்றார் புருல் எஜே. "ஆறிடும், பிடி."

எலும்பு கொதித்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.